ஒரு வாரம் தேங்கி ஒரு நிமிடம் ஓடும் நீர்

அமெரிக்காவின் பயண வீட்டு வண்டிகளில் பெரும்பகுதி, இண்டியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் நகரையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்த தொழிற்சாலைகளில் தயாராகிறது. காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துச் செல்லும் இந்த டிரெய்லர்களுக்குள் கட்டில், அடுப்பு, ஷவர், கழிப்பறை எல்லாம் இருக்கும். தரைக்கு அடியில், வெளியே தெரியாதபடி, மூன்று தொட்டிகளைப் பொருத்தியிருப்பார்கள். ஒன்றில் நல்ல தண்ணீர். இன்னொன்றில் சிங்க்கிலிருந்தும் ஷவரிலிருந்தும் வழிந்து வரும் அழுக்குத் தண்ணீர்; இதைச் சாம்பல் நீர் என்கிறார்கள். மூன்றாவது, கழிப்பறையின் நேர் கீழே இருக்கும் கறுப்பு நீர்த் தொட்டி. பெரும்பாலும் 110 முதல் 150 லிட்டர் வரை பிடிக்கும் பிளாஸ்டிக் தொட்டி அது. அடிப்பக்கத்தில் மூன்று அங்குலக் குழாய் ஒன்று, அதை அடைத்து நிற்கும் தகட்டு வால்வு ஒன்று, காற்றுப் போக்குக்குக் கூரை வரை ஏறும் மெல்லிய குழாய் ஒன்று. இவ்வளவுதான் அதன் உடலமைப்பு. இந்த எளிய தொட்டியைச் சுற்றி ஒரு பெரிய மருந்துக் கடையே இயங்குகிறது. நீல நிறத் திரவம், நொதிப் பொடி, பாக்டீரியா மாத்திரை, வாசனை உருண்டை என்று முகாம் சாமான்கள் விற்கும் கடைகளில் ஓர் அலமாரி முழுக்க இதற்கான சரக்குதான். இந்தப் பழக்கத்துக்குப் பின்னால், தொட்டி என்பது கழிவைச் செரித்துச் சுத்திகரிக்கும் இடம் என்ற ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது. அந்த எண்ணம் தவறு. வீட்டுச் சாக்கடைக் குழாயை ஒரு வாரத்துக்கு அடைத்து வைத்தால் என்னவோ அதுதான் இந்தத் தொட்டி. ஓடும் சாக்கடையைச் சுத்தமாக வைத்திருப்பது எதுவோ அதுவே இதையும் சுத்தமாக வைத்திருக்கும்: போதுமான தண்ணீர், போதுமான வேகத்தில்.

சாக்கடைக் குழாய் பதிக்கும் பொறியாளர்கள் உலகமெங்கும் கைக்கொள்ளும் ஒரு கணக்கு உண்டு. குழாயில் நீர் நொடிக்கு ஏறக்குறைய 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும். அதற்குக் குறைந்தால் திடப்பொருள் அடியில் படியத் தொடங்கும். அந்த வேகம் இருந்தால் குழாய் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். குழாய்க்கு எந்த மாத்திரையும் போடுவதில்லை. சரிவும் தண்ணீரும் சரியாக இருந்தால் பல பத்தாண்டுகள் அது அப்படியே ஓடுகிறது. இந்த நிலையிலிருந்து டிரெய்லர் இரண்டு வகையில் விலகுகிறது. முதலாவது தண்ணீரின் அளவு. அமெரிக்க வீடுகளில் 1994 முதல் அமலுக்கு வந்த விதிப்படி, ஒரு தடவை ஃப்ளஷ் செய்தால் அதிகபட்சம் 6 லிட்டர் இறங்கலாம். டிரெய்லர் கழிப்பறையில் காலால் மிதியை அழுத்தினால் இறங்குவது பெரும்பாலும் ஒரு லிட்டரைக் கூடத் தொடாது. இரண்டாவது, ஓட்டம். டிரெய்லர் தொட்டியில் ஒரு வாரம் நீரின் வேகம் சுழியம். பிறகு வால்வைத் திறக்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் ஓட்டமே நிகழ்கிறது. ஒரு வாரக் கழிவை நகர்த்தும் வேலை முழுவதையும் அந்த ஒரு நிமிடம் செய்து முடிக்க வேண்டும். தொட்டிப் பராமரிப்பில் செய்யத்தக்க ஒவ்வொன்றும், செய்யத்தகாத ஒவ்வொன்றும் இந்த ஓர் உண்மையிலிருந்தே வருகிறது.

முதலில் அந்த ஒரு வாரத்தைப் பார்ப்போம். ஒருவர் ஒரு நாளில் கழிக்கும் மலம் சராசரியாக 130 கிராம் அளவில் இருக்கும். அதில் முக்கால் பங்கு நீர்தான். ஆக உலர்ந்த பொருள் சுமார் 30 கிராம். கழிப்பறைத் தாளையும் சேர்த்து ஒரு 40 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். சிறுநீர் ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டர் விட்டு ஒரு நாளில் ஆறு தடவை ஃப்ளஷ் செய்தால், தொட்டிக்குள் சேரும் கலவையில் திடப்பொருள் அரை சதவீதத்தை ஒட்டி நிற்கும். காகித ஆலைகளில் மரக்கூழைக் கம்பி வலை மேல் ஊற்றும்போது அதில் நாரின் பங்கும் ஒரு சதவீதத்துக்குக் கீழேதான் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். அதற்கு மேல் போனால் நார்கள் ஒன்றோடொன்று சிக்கித் திரளும் என்பதே காரணம். தொட்டியிலும் அதே நீர்த்த நிலையில் தாளின் நார்கள் தனித்தனியே மிதந்து கொண்டிருக்கும். சிக்கனம் என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் கால் லிட்டர் மட்டும் விட்டால் அதே கலவை ஒரு சதவீதத்தைத் தாண்டிவிடும். அப்போது அது திரவம் போல நடந்துகொள்வதில்லை. நார்கள் வலையாகப் பின்னிக்கொள்ள, இடையில் மலம் சிக்கி, அசைத்தாலொழிய அசையாத சேறாகிறது. இத்தனைக்கும் காரணம், ஒவ்வொரு தடவையும் மிச்சம் பிடித்த முக்கால் லிட்டர் தண்ணீர்.

இதைவிட மோசமான ஒரு பழக்கம் உண்டு. பெரும்பாலும் முறையான வசதியுள்ள முகாம் திடல்களில்தான் அது நடக்கிறது. அங்கே டிரெய்லரின் கழிவுக் குழாயை நேராகத் தரையிலுள்ள சாக்கடை வாயோடு இணைத்துக்கொள்ளலாம். இணைத்தபின், வால்வைத் திறந்தே விட்டுவிட்டால் வீட்டில் இருப்பது போலத்தானே என்று பலர் எண்ணுகிறார்கள். தொட்டியின் அடித்தளம் கிட்டத்தட்ட சமதளம். வால்வு திறந்திருந்தால் சிறுநீரும் ஃப்ளஷ் தண்ணீரும் உடனுக்குடன் வழிந்து போய்விடும்; மலமும் தாளும் கழிப்பறை வாய்க்கு நேர் கீழே விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். அடுத்த நாள் அதன் மேல் இன்னொரு அடுக்கு. முகாம்வாசிகள் இதைப் பிரமிடு என்கிறார்கள். இது கடினப்படும் விதத்தில் ஒரு வேதியியல் இருக்கிறது. தாள் என்பது செல்லுலோஸ் நார். நீர் வடிந்து உலரும்போது பக்கத்துப் பக்கத்து நார்களுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் உருவாகி இறுகுகின்றன. நவராத்திரிக் கொலுவில் வைக்கும் காகிதக்கூழ் பொம்மை உறுதியாக இருப்பதற்கும் இதில் பங்குண்டு. வடிந்த தொட்டிக்குள் நடப்பதும் அதுவே. ஒருமுறை நன்றாக உலர்ந்த செல்லுலோஸ் நார், மறுபடி நனைத்தாலும் பழையபடி முழுக்க உப்புவதில்லை. காகித ஆலைகளில் பழைய தாளை மறுசுழற்சி செய்பவர்களுக்கு இது நன்கு தெரிந்த தலைவலி. அதனால்தான் உலர்ந்த பிரமிடு சாதாரண அலசலுக்கு மசியாது. வால்வைத் தொட்டி நிறையும் வரை மூடியே வைக்க வேண்டும் என்பது வெறும் வழக்கமாக வந்த விதி இல்லை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இனி அந்த ஒரு நிமிடம். 1644இல் இத்தாலிய அறிஞர் டொரிச்செல்லி வெளியிட்ட ஒரு கண்டுபிடிப்பு இங்கே அப்படியே பொருந்துகிறது. ஒரு கலத்தின் அடியில் உள்ள துளையிலிருந்து நீர் வெளியேறும் வேகம், துளைக்கு மேலே நிற்கும் நீரின் உயரத்தைப் பொறுத்தது; உயரம் நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்காகும். தொட்டியில் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், உராய்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால், வெளியேறும் வேகம் நொடிக்கு 2.4 மீட்டர். ஏழரை சென்டிமீட்டர்தான் நிற்கிறது என்றால் 1.2 மீட்டர். பாதி வேகம்தானே குறைந்தது என்று தோன்றலாம். ஆனால் படிந்த பொருளை இழுத்துச் செல்லும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், வேகம் பாதியானால் விசை கால்வாசியாகிவிடும். மேலும் ஏழரை சென்டிமீட்டர் என்பது மூன்று அங்குலக் குழாயின் உயரமேதான். அந்த மட்டத்தில் குழாய் முழுவதும் நிறைந்து பாயாது, அடியில் ஓர் ஓடையாக ஓடும். நிஜத் தொட்டியில் வளைவுகளும் உராய்வும் இந்த எண்களைக் கணிசமாகக் குறைக்கும் என்றாலும் விகிதம் மாறாது. எனவே தொட்டி மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்த பிறகே திறக்க வேண்டும். இரண்டு நாளில் ஊர் கிளம்ப வேண்டியிருந்தால், இருப்பதோடு தண்ணீரைச் சேர்த்து நிரப்பிவிட்டுத் திறக்கலாம். கால்வாசித் தொட்டியை அவ்வப்போது திறந்து காலி செய்வதைச் சுத்தம் என்று நினைப்பவர்கள், சாயத்தண்ணீரை வெளியேற்றிவிட்டுச் சேற்றைச் சேமிக்கிறார்கள்.

வால்வுக்கும் ஹோஸுக்கும் நடுவே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கால் ஆன ஒரு முழங்கை இணைப்பை மாட்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அதில் கண் வைத்தால் முழுக் கதையும் தெரியும். திறந்தவுடன் கரும்பழுப்பாகக் குழாய் அடைத்துப் பாயும். பாதியில் நிறம் வெளுத்துத் தாளின் துணுக்குகள் சுழன்று வரும். பிறகு மட்டம் இறங்கி, மஞ்சளான தெளிந்த நீர் மெதுவாக வடியும். இந்தக் கடைசிக் கட்டம் ஏமாற்றக்கூடியது. நீர் தெளிந்து வருவதால் தொட்டி காலியாகிவிட்டது என்று தோன்றும். உண்மையில் ஓட்டம் வலுவிழந்து விட்டதால் திடப்பொருளைக் கொண்டு வர முடியவில்லை. அதுவும் வால்வுக்கு அருகில்தான் வேகமான ஓட்டம் இருக்கும். எதிர் மூலைகளில் நீர் ஊர்ந்துதான் வரும். அந்த மூலைகளுக்காகத்தான் தொட்டிக்குள் நீரைச் சுழற்றித் தெளிக்கும் முனையைப் பல வண்டிகளில் பொருத்துகிறார்கள். அது இல்லாதவர்கள் வால்வை மூடி, பாதியளவு தண்ணீர் நிரப்பி, மறுபடி திறக்கிறார்கள். முழங்கையில் துணுக்குகள் வருவது நிற்கும் வரை இதைத் திரும்பச் செய்கிறார்கள். தெளிப்பானுக்கு நீர் விடும் ஹோஸைக் குடிநீருக்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. வால்வை மூடி வைத்துக்கொண்டு தெளிப்பானைத் திறந்துவிட்டு மறந்தால் தொட்டி பொங்கிக் கழிப்பறை வழியாகவோ கூரைக் குழாய் வழியாகவோ வழியும் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். எல்லாம் முடிந்தபின் சாம்பல் நீர்த் தொட்டியைத் திறந்தால், சோப்பு கலந்த அந்த நீர் ஹோஸைக் கழுவிவிடும். கறுப்பு முதலில், சாம்பல் பிறகு என்ற வரிசை இதனால்தான் வந்தது. காலி செய்து முடித்ததும் 15 லிட்டர் தண்ணீரை உள்ளே விட வேண்டும். அரைச் சதுர மீட்டர் பரப்புள்ள அடித்தளத்தில் அது மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும். அடுத்த வாரத்தின் முதல் மலம் உலர்ந்த பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் நீரில் விழ இது போதும். நான் அறிந்தவரை, இந்த 15 லிட்டர்தான் முழுப் பராமரிப்பிலும் செலவில்லாத, பலன் மிகுந்த செயல்.

இதையெல்லாம் செய்தாலும் மருந்து கூடுதல் நன்மை தராதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. பழைய நீலத் திரவங்களின் அடிப்படை ஃபார்மால்டிஹைடு. கிருமிகளைக் கொன்றுவிட்டால் நாற்றம் உண்டாக்க ஆள் இல்லை என்பது அதன் தர்க்கம். அந்த அளவில் அது வேலையும் செய்கிறது. ஆனால் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வகைப்படுத்தியது. கலிபோர்னியா மாநிலம் இத்தொட்டிகளுக்கான மருந்துகளில் அதைச் சட்டப்படி தடை செய்திருக்கிறது. தொட்டியோடு அதன் வேலை முடிவதில்லை என்பது இன்னொரு சிக்கல். பல முகாம் திடல்கள் நகரச் சாக்கடையோடு இணைந்தவை அல்ல. அவற்றின் கழிவு அங்கேயே மண்ணுக்குள் இருக்கும் செப்டிக் டேங்குக்குப் போகிறது; செப்டிக் டேங்க் உயிருள்ள பாக்டீரியாக்களை நம்பியே இயங்குகிறது. சாதாரண வீட்டுக் கழிவை விடப் பலமடங்கு செறிவான டிரெய்லர் கழிவு, கூடவே கிருமிக்கொல்லி, இரண்டும் சேர்ந்து இறங்கும்போது அந்த உயிரியல் முறை சீர்குலையும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரித்திருக்கிறது. ஒரு வண்டியின் நாற்றத்தை அடக்க ஊருக்குப் பொதுவான செப்டிக் டேங்கைக் கொல்வது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

இன்றைய அலமாரியில் அதிகம் இருப்பவை நொதிகளும் பாக்டீரியாக்களும். இவை தீங்கற்றவை, அதனாலேயே இவற்றைப் பற்றிய மிகைப்பேச்சை யாரும் சோதிப்பதில்லை. ஒரு கிராம் மலத்தில் ஏற்கெனவே பத்தாயிரம் கோடி அளவுக்குப் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. மலத்தின் உலர் எடையில் கால்வாசி முதல் பாதி வரை பாக்டீரியாக்களின் உடல்தான். ஒரு பொட்டலத்தில் சில நூறு கோடி இருக்கிறது என்று போட்டிருந்தால், அது ஒரு சிட்டிகை மலத்துக்கு ஈடு. எண்ணிக்கை அல்ல, இனம்தான் முக்கியம், எங்கள் பொட்டலத்தில் இருப்பவை தாளைச் செரிக்கும் இனம் என்று விற்பவர்கள் சொல்லலாம். அதிலும் உண்மை உண்டு. ஆனால் செல்லுலோஸை அறுக்கும் நொதிகள் பெரும்பாலும் 50 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில்தான் முழு வேகத்தில் இயங்கும்; குளிர்ந்த மலைப்பகுதி முகாமில் ஒரு வார காலம் அவற்றுக்குப் போதாது. தாள் கரையத்தான் வேண்டும் என்ற அவசியமும் இல்லை. அது நார் நாராகப் பிரிந்தால் குழாயில் போய்விடும். அதற்கு ஈர வலிமைப் பிசின் சேர்க்காத தாளும் தண்ணீரும் வண்டியின் குலுக்கலும் போதும். ஒரு கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் விட்டு நான்கு சதுரம் தாளைப் போட்டுக் குலுக்கினால், சில நொடிகளில் பஞ்சாகப் பிரியும் தாளும் துண்டுதுண்டாகவே கிடக்கும் தாளும் எவை என்று யாரும் கண்டுகொள்ளலாம். ஈரத் துடைப்பான்களை இதே புட்டியில் போட்டால் மறுநாளும் முழுசாகவே இருக்கும். உறையில் என்ன எழுதியிருந்தாலும் அவற்றைத் தொட்டியில் போடக் கூடாது.

பாக்டீரியாக்களை வாங்கிப் போட்டு ஓடும் வண்டியில் கழிவைச் செரிக்க வைக்கலாம் என்ற நம்பிக்கை இந்திய ரயில்வேயிலும் மிகப் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய பாக்டீரியாக் கலவையோடு ரயில் பெட்டிகளில் பயோ-டாய்லெட்டுகள் பொருத்தப்பட்டன. தண்டவாளத்தில் மலம் விழுவதை அவை நிறுத்தியது மறுக்க முடியாத பெரும் நன்மை. ஆனால் அவற்றிலிருந்து வெளிவரும் நீரின் தரத்தை ஆராய்ந்த சென்னை ஐ.ஐ.டி. குழு, சாதாரண செப்டிக் டேங்கைவிட அவை சிறப்பாகச் செயல்படவில்லை என்றே கண்டது. சேர்த்த விதைப் பாக்டீரியா மாயம் எதையும் செய்துவிடவில்லை. கழிவு முழுமையாகச் செரிக்க வாரக் கணக்கில் நேரமும் நிலையான சூடும் வேண்டும். அந்த இரண்டும் டிரெய்லரில் கிடையாது. இன்னும் சில பொட்டலங்கள், ஆக்ஸிஜனில் வாழும் பாக்டீரியாக்களால் நாற்றமில்லாமல் செரிக்க வைப்பதாகச் சொல்கின்றன. 25 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் நீரில் கரையக்கூடிய ஆக்ஸிஜன் சுமார் 8 மில்லிகிராம்தான். சாதாரண நகரச் சாக்கடை நீரைச் செரிக்கவே லிட்டருக்கு 200 மில்லிகிராம் அளவில் ஆக்ஸிஜன் தேவை. தொட்டிக் கழிவுக்கு அதைப்போலப் பல மடங்கு. காற்றை ஊதிக்கொண்டே இருக்கும் இயந்திரம் இல்லாமல் அந்தத் தொட்டி ஆக்ஸிஜனோடு இருக்க வழியே இல்லை.

நாற்றத்தின் கதை இங்கேதான் தொடங்குகிறது. ஆக்ஸிஜன் தீர்ந்ததும், சில பாக்டீரியாக்கள் நீரில் கரைந்துள்ள சல்பேட்டை வைத்துச் சுவாசித்து, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடுகின்றன. பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே மனித மூக்கு இதைக் கண்டுகொள்ளும். 100 பங்கை எட்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, அப்போதுதான் அது உயிருக்கே ஆபத்து. இங்கே ஒரு மருந்து வகையை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன். நைட்ரேட் உப்பு கலந்தவை அவை. பாக்டீரியாக்களுக்குச் சல்பேட்டைவிட நைட்ரேட் அதிக ஆற்றல் தரும். அது இருக்கும் வரை சல்பேட் பக்கம் அவற்றின் வேலை வெகுவாகக் குறையும். நகராட்சிச் சாக்கடைகளிலும் இதே காரணத்துக்காகக் கால்சியம் நைட்ரேட்டைச் சேர்க்கிறார்கள். கோடையில் அரிசோனாவில் முகாமிடுபவர் அதை வாங்கினால் அது வீண் செலவில்லை. ஆனால் அது தொட்டியைச் சுத்தம் செய்யாது. மேலும் வண்டிக்குள் வரும் நாற்றத்துக்குப் பெரும்பாலும் காரணம் வேதியியல் இல்லை, காற்றோட்டம். டிரெய்லர் கழிப்பறையில் வீட்டில் இருப்பது போல வளைந்த குழாய் கிடையாது. கிண்ணத்தின் அடியில் உள்ள மூடியும், அதன் மேல் நிற்கும் ஒரு கைப்பிடியளவு நீரும்தான் தடுப்பு. அந்த மூடியின் ரப்பர் விளிம்பு காய்ந்து நீர் இறங்கிவிட்டால் தடுப்பு போய்விடும். குளியலறைக் கூரை விசிறியை ஓடவிட்டபடியே ஃப்ளஷ் செய்தால், விசிறி வெளியே தள்ளும் காற்றை ஈடுகட்டத் தொட்டிக் காற்று கிண்ணம் வழியே மேலே ஏறும். மாத்திரைக்குப் பணம் கொடுக்கும் முன், விசிறியை நிறுத்திவிட்டு ஃப்ளஷ் செய்து பார்ப்பது நல்லது.

திடப்பொருளை நீர் கொண்டுபோகும். சுவரில் பிடிக்கும் உப்பு வேறு விஷயம். இதில் தண்ணீர் மட்டும் போதாது. சிறுநீரில் உள்ள யூரியாவை யூரியேஸ் என்ற நொதி உடைத்து அம்மோனியாவாக்குகிறது. 1926இல் ஜேம்ஸ் சம்னர் என்ற அமெரிக்க வேதியியலாளர் முதன்முதலாகப் படிகமாக்கிக் காட்டிய நொதியும் இதுதான். நொதிகள் புரதங்களே என்று நிறுவிய அந்த வேலைக்கு 1946இல் அவர் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அம்மோனியா சேர்ந்ததும் திரவம் காரத்தன்மை அடைந்து, சிறுநீரிலும் கடின நீரிலும் உள்ள மக்னீசியமும் கால்சியமும் பாஸ்பேட்டோடு சேர்ந்து உப்பாகப் படிகின்றன. தொட்டியின் பக்கச் சுவரில், கால்வாசி, அரைவாசி என்று மட்டம் காட்ட, பித்தளை அல்லது எஃகுக் குமிழ்கள் திருகாணிபோல உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். நீர் தொட்டால் மின்சாரம் பாயும், விளக்கு எரியும். இந்தக் குமிழ்களைச் சுற்றி உப்பும் தாள்நாரும் கொழுப்பும் ஈரப்படலமாகப் படிந்துவிட்டால், நீர் இறங்கிய பிறகும் அந்தப் படலத்தின் வழியே மின்சாரம் பாயும். காலித் தொட்டி நிறைந்திருப்பதாக விளக்கு சொல்லும். புதுத் தொட்டியிலேயே சில மாதங்களில் தொடங்கிவிடும் பரவலான புகார் இது. சிட்ரிக் அமிலக் கரைசலை நிரப்பி ஒரு நாள் ஊறவிட்டால் உப்பு கரையும். அமிலத்தோடு பிளீச்சைக் கலந்தால் குளோரின் வாயு வரும். அம்மோனியா நிறைந்த கழிவின் மேல் பிளீச்சை ஊற்றினால் குளோரமின் வாயு வரும். மூடிய சிறு குளியலறையில் இரண்டுமே நுரையீரலைப் புண்ணாக்கும். கழிவுத் தொட்டியில் பிளீச்சுக்கு இடமே இல்லை என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

ஐஸ் கட்டி வைத்தியம் ஒன்று நெடுநாளாக உலவுகிறது. இரண்டு மூட்டை ஐஸ் கட்டியைக் கழிப்பறை வழியே கொட்டிவிட்டு வண்டியை ஓட்டினால், கட்டிகள் உருண்டு சுவரைச் சுரண்டும் என்பார்கள். ஐஸின் அடர்த்தி நீரைவிடச் சுமார் எட்டு சதவீதம் குறைவு, ஆகவே அது மிதக்கும். சேறோ அடியில் இருக்கிறது. நீரே இல்லாமல் ஐஸ் மட்டும் போட்டால் அடியைத் தொடும்தான், ஆனால் இறுகிய செல்லுலோஸைச் சுரண்டும் கடினம் அந்த மழமழப்பான கட்டிகளுக்கு இல்லை. பலன் கண்டதாகச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. தொட்டியில் கொஞ்சம் தண்ணீரும் ஐம்பது கிலோமீட்டர் குலுக்கலும் இருந்தன, அவைதான் வேலை செய்தன.

தண்ணீர்தான் விடை என்று சொல்வதற்கு எதிரான வலுவான வாதம், தண்ணீரே இல்லாத இடம். அமெரிக்க மேற்குப் பகுதியின் அரசு நிலங்களில் குழாய் இணைப்பு எதுவும் இல்லாமல் இரண்டு வாரம் வரை முகாமிட அனுமதி உண்டு. பாலைவனத்தில் நல்ல தண்ணீர்த் தொட்டி 150 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் அதுதான். அங்கே ஃப்ளஷுக்கு ஒரு லிட்டர் விடச் சொல்வது எளிதா? இல்லைதான். ஆனால் ஷவரில் சூடு வரும்வரை வீணாகும் நீரையும் குளித்த நீரையும் ஒரு வாளியில் பிடித்து ஃப்ளஷுக்கு ஊற்றலாம்; சாம்பல் நீர்த் தொட்டியும் அந்த அளவுக்குத் தாமதமாக நிறையும். தொட்டி சீக்கிரம் நிறைந்துவிடுமே என்ற கவலைக்கும் கணக்கில் விடை இருக்கிறது. இருவர் மட்டும் உள்ள வண்டியில் ஆளுக்கு ஏழரை லிட்டர் வீதம் சேர்ந்தாலும் 150 லிட்டர் தொட்டி, முதலில் விட்ட 15 லிட்டர் போக, ஒன்பது நாள் தாங்கும். தண்ணீரைக் குறைத்து அதை மூன்று வாரமாக நீட்டுபவர், கூடுதலாகக் கிடைத்த ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குப் பதிலாக அடைத்த தொட்டி ஒன்றை வாங்குகிறார். எடை பற்றிய வாதம் சரியானது: 150 லிட்டர் என்றால் 150 கிலோ, நிறைந்த தொட்டியோடு நெடுஞ்சாலையில் போகக் கூடாது. கிளம்பும் முன் காலி செய்துவிட்டு 15 லிட்டர் மட்டும் விட்டுக்கொண்டு போனால், அந்தக் குலுக்கலே அடித்தளத்தை அலசவும் செய்யும்.

தண்ணீரையே வேண்டாம் என்று விட்டுவிடும் வழியும் உண்டு. அதை நான் எதிர்க்கவில்லை. சிறுநீரைத் தனியே பிரித்து, மலத்தைத் தென்னை நார்க்கழிவோடு கிளறி உலரவிடும் கழிப்பறைகளைச் சில டிரெய்லர்காரர்கள் பொருத்திக்கொள்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கட்டிகளாக ஏற்றுமதியாகும் அதே வகைப் பொருள்தான். சிறுநீர் பிரிந்துவிடுவதால் அம்மோனியா உருவாவது குறைகிறது. காற்றுப் புகுவதால் சல்ஃபைடு உண்டாவதில்லை. முழு ஈரமும் வேலை செய்கிறது, முழு வறட்சியும் வேலை செய்கிறது. இடைப்பட்ட சேறுதான் இரண்டு வகையிலும் தோற்கிறது. வால்வைத் திறந்து வைத்த தொட்டியும், கஞ்சத்தனமாக ஃப்ளஷ் செய்த தொட்டியும் அந்த இடைநிலையில் இருப்பவை.

நார் உலர்ந்தால் இறுகும் என்ற அதே காரணத்தால் குளிர்காலத்துக்கு வண்டியை நிறுத்தி வைக்கும்போது கவனம் இரட்டிப்பாக வேண்டும். அமெரிக்காவின் வட மாநிலங்களில் இலையுதிர் காலத்திலேயே உறைபனி தொடங்கும். தொட்டியில் நீர் இருந்தால் உறைந்து வால்வை உடைக்கும், அதனால் எல்லாவற்றையும் வடித்துவிட்டு, நஞ்சு குறைந்த புரொப்பிலீன் கிளைகால் உறைதடுப்பியைக் கொஞ்சம் விடுகிறார்கள். வடிப்பதற்கு முன்பு அலசாமல் விட்ட மெல்லிய படலம், ஆறு மாதம் காய்ந்து வசந்தத்தில் பலகைபோல இறுகி நிற்கும். அதை மீட்க, வெதுவெதுப்பான நீரையும் பாத்திரம் தேய்க்கும் சோப்பையும் தொட்டி முழுக்க நிரப்பி இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, தெளிப்பான் கம்பியைக் கழிப்பறை வழியே இறக்கி அடித்து, முழங்கை இணைப்பில் செதில் செதிலாக வருவது நிற்கும் வரை பலமுறை நிரப்பி இறக்க வேண்டும். கடைசிப் பயணம் முடிந்த அன்று, ஈரம் காயும் முன்பே, இரண்டு தொட்டித் தண்ணீரை விட்டு அலசியிருந்தால் அது அரைமணி நேர வேலை.